ஞாயிற்றுக்கிழமைப் பூஞ்சை

எக்கார்ட் ப்ரூனிங் வீட்டில் கஞ்சா வளர்க்கிறார் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். வளர்ப்பது அவர் இல்லை, அவர் மனைவி கெர்லிண்டே. அவர் மேற்பார்வை மட்டும்தான். ஒவ்வொரு தொட்டியிலும் கெர்லிண்டேயின் முழுப்பெயரை அச்சடித்து ஒட்டியவரும் அவரேதான். சொந்த உபயோகத்துக்கு ஆளுக்கு மூன்று செடி வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தபோது ஹில்டெஸ்ஹைம் நகரத்தில் பலர் விதை வாங்கப் போனார்கள். எக்கார்ட் சட்டத்தை வாங்கிவந்து படித்தார். சொந்த உபயோகம் என்றால் உபயோகிக்கிற ஆள்தான் வளர்க்க வேண்டும், அவரோ உபயோகிப்பதில்லை, ஆகவே அவர் விரல் செடிமேல் படக்கூடாது என்று முடிவு கட்டினார். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று அவரிடம் கேட்டுப் பயனில்லை. நகராட்சியின் வாகன நிறுத்தப் பிரிவில் ஆயுசைக் கழித்து ஓய்வு பெற்றவருக்கு, எழுதாத இடத்திலும் சட்டம் கண்ணுக்குத் தெரியும்.

கஞ்சா அந்த வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் கெர்லிண்டேயின் விரல்கள். மூட்டுக்கு மூட்டு வீங்கி, ஊசி பிடிக்க முடியாமல் போய், அவளுடைய தையல் அறை மூடிக் கிடந்தது. பகலில் வலியைச் சமாளித்துவிடுவாள். அவள் படுத்தால்தான் வலி எழுந்து உட்காரும். மருத்துவர் கொடுத்த மாத்திரை விரலை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டது. விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடப்பாள். பக்கத்தில் எக்கார்ட் விதிப்படி தூங்கிக்கொண்டிருப்பார். அவளுக்கு வேண்டியது பெரிய சுகமொன்றும் இல்லை. ஒரு முழு ராத்திரி தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தூக்கத்தை முதலில் கொடுத்தவள் மாடி வீட்டு ஸ்வென்யா. நகரப் பேருந்து ஓட்டுகிறவள், தன் சமையலறை ஜன்னலோரம் மூன்று செடி வைத்திருந்தவள். படிக்கட்டில் கெர்லிண்டேயின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தகர டப்பாவில் பிஸ்கட் போட்டுக் கொடுத்தாள், பாதி போதும், மீதியை எடுத்து வை என்று சொல்லி. அன்று கெர்லிண்டே தூங்கியதுதான் தூக்கம். காலையில் தபால்காரர் மணியடித்துத்தான் எழுந்தாள். அந்தச் சந்தோஷத்தில் நேரே மாடிக்குப் போய், இனிமேல் நமக்குள் நீங்க, வாங்க வேண்டாம், நீ என்றே கூப்பிடு என்று சொல்லிவிட்டு வந்தாள். எக்கார்ட்டுக்குப் பிஸ்கட்டைவிட அந்த 'நீ'தான் பெரிய அதிர்ச்சி. அவர் அதே கட்டடத்தில் ஸ்வென்யாவை ஃப்ரௌ தீமான், அதாவது திருமதி தீமான், என்றுதான் கூப்பிடுவார், அதுவும் எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கும்போது.

பிஸ்கட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. தன் செடியில் விளைந்ததை அடுத்தவருக்குக் கொடுப்பது குற்றம், வாங்கினவள் நிலைமை அதைவிட மோசம் என்றார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால் தானும் கைமாற்றியவனாகிவிடுவோமோ என்று பயந்து, கெர்லிண்டேயைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். படிக்கட்டில் யாராவது வருகிறார்களா என்று கீழே நின்று பார்த்துக்கொண்டார்.

"உனக்கு வேணும்னா சட்டப்படி நீயே வளர்த்துக்கோ" என்றார். "நான் வழி சொல்றேன்."

இப்படித்தான் தையல் அறைக்குள் ஒரு கறுப்புக் கூடாரம் முளைத்தது. உள்ளே விளக்கு, மூன்று தொட்டி, ஈரக் காற்றை உறிஞ்சி வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். வாசலில் எக்கார்ட்டுக்கு ஒரு நாற்காலி. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, இன்டர்நெட்டிலிருந்து அச்செடுத்த காகிதங்களைப் பார்த்து உரக்க வாசிப்பார். கெர்லிண்டே மண்ணைக் கிளறுவாள், தண்ணீர் ஊற்றுவாள், குச்சி நட்டுக் கட்டுவாள். முடிச்சுப் போட விரல் மடங்காமல் பல்லால் இழுப்பாள். அவர், கயிறு தளர்ந்திருக்கிறது என்பார்.

செடிகள் நன்றாகவே வந்தன. அதற்கு எக்கார்ட்டின் வாசிப்பும் காரணமில்லை, கெர்லிண்டேயின் கைராசியும் காரணமில்லை. அது களை, எங்கே போட்டாலும் வரும். கோடை முடிந்து மொட்டு வைக்கத் தொடங்கியபோது, பிசுபிசுவென்று, மூக்கைத் துளைக்கும் வாசனையோடு ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமனுக்குத் திரண்டது. கெர்லிண்டே தினமும் கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து அவற்றைப் பார்ப்பாள். பார்க்கும்போதே கண் சொருகும். குளிர்காலத்துக்குள் அறுத்துக் காயவைத்துவிட்டால் இந்த வருஷக் குளிரை உறங்கிக் கழித்துவிடலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். ஃபேன் உறுமியது.

அந்தக் கட்டடத்தில் நாலே வீடுகள். நாலுக்கும் ஒரு குழு, குழுவுக்கு ஒரு தலைவர், அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. படிக்கட்டுச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கும் வீட்டு விதிகள் அத்தனையும் அவர் கைவண்ணம். ராத்திரி, மதியச் சாப்பாட்டுக்குப் பின், ஞாயிற்றுக்கிழமை முழுக்க, உறுமுகிற, கடகடக்கிற எந்த இயந்திரமும் ஓடக்கூடாது. வாரம் முழுக்கப் பேருந்து ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்த ஸ்வென்யாவுக்கு இந்த விதியின் பேரில்தான் கடிதம் மேல் கடிதமாகப் போயிற்று. இப்போது தன் வீட்டிலேயே ஒரு உறுமல். எக்கார்ட் சுவரில் காது வைத்துப் பார்த்தார். நாற்காலிமேல் ஏறிக் கூரையிலும் வைத்துப் பார்த்தார். கேட்டது. தன் விதியைத் தானே மீறினால் ஊர் என்ன பேசும்? ஊர் எதையும் பேசியிருக்காது, ஊருக்கு வேறு வேலை இருந்தது. ஆனாலும் அவர் அமைதி நேரம் வந்தால் போய் ஃபேனை அணைத்துவிடுவார். உள்ளே செடிகள் தங்கள் மூச்சிலேயே வெந்துகொண்டிருக்கும். ஈரம் காட்டும் கருவி ஒன்றும் வாங்கி மாட்டியிருந்தார். அதன் முள் எங்கே போய் நிற்கிறது என்று காலையில் பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் கவாத்துப் படலம் நடந்தது. மொட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் போக, மறைக்கிற இலைகளைக் கழிக்க வேண்டும் என்று காகிதம் சொன்னது.

"விசிறி மாதிரி விரிஞ்சிருக்கே, அதை எடு" என்றார் எக்கார்ட் நாற்காலியிலிருந்து. "அது இல்ல. அதுக்குக் கீழ. அதுக்கும் கீழ."

"நீயே எடுத்துடேன். எனக்குக் கத்திரி நிக்க மாட்டேங்குது."

"எனக்கு ஆசைதான், கெர்லிண்டே. ஆனா செடி உன்னோடது."

அவள் வெட்டினாள். கட்டைவிரல் வளையத்துக்குள் போகாததால் கத்திரியை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தினாள். சில காம்புகள் வெட்டுப்பட்டன, சில நசுங்கின, சில உரிந்து வந்தன. காயத்திலிருந்து சாறு கசிந்தது. இடுப்பொடிய வேலை முடிந்தபோது மூன்று செடிகளும் மொட்டை அடித்துக்கொண்டு நின்றன. எக்கார்ட் காகிதங்களை மடித்து வைத்துவிட்டு, வேலை நன்றாக முடிந்தது என்று தன்னையே பாராட்டிக்கொண்டார். அன்று ராத்திரி ஃபேனை அணைத்தார். மறுநாள் ஞாயிறு. அன்று முழுக்க அதைப் போடவே இல்லை.

திங்கட்கிழமை கெர்லிண்டே ஜிப்பைத் திறந்தபோது முகத்தில் குளியலறை ஆவி அடித்தது. நடுச்செடியின் உச்சியில், எல்லாவற்றிலும் கொழுத்த மொட்டில், ஒற்றை இலை மட்டும் பழுத்து நின்றது. லேசாக இழுத்தாள். அது வேரில்லாத மயிர் மாதிரி தானாகவே கையோடு வந்தது. மொட்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே, பையிலேயே மறந்துபோன ரொட்டி மாதிரி, சாம்பல் நிறத்தில் பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, அழுதாள். ஒரு செடிக்காகவா அழுகிறாய் என்று கேட்கிறவர்கள், ஒரு மாதம் தூங்காமல் இருந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

எக்கார்ட் வந்து, செடியிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று எட்டிப் பார்த்தார்.

"நீ காம்பைக் கிழிச்சிருக்கே" என்றார். "வெட்டணும். கிழிக்கக்கூடாது. காகிதத்துல தெளிவா இருக்கு."

அவள் தன் இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் கைகளைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். வீட்டில் எந்தச் சிக்கல் வந்தாலும் அந்த ஊரில் முதல் வைத்தியம் ஜன்னலைத் திறப்பதுதான். தலைவலியா, திற. மாமியார் வந்து போனாரா, திற. நாலு ஜன்னல்களையும் அகலத் திறந்து, நல்ல காற்று வரட்டும் என்றார். வந்தது நவம்பர் மூடுபனி. சூடான கூடாரத்துக்குள் அந்தக் குளிர் புகுந்ததும் உட்சுவரெல்லாம் வியர்த்து, சொட்டுச் சொட்டாக வழிந்து, மிச்சமிருந்த காயங்களையும் நனைத்தது. பூஞ்சைக்கு விருந்து வைத்ததுபோல் ஆயிற்று.

கெர்லிண்டே மாடிக்குப் போய் ஸ்வென்யாவைக் கூட்டிவந்தாள். வேலை முடிந்து வந்து தூங்கி எழுந்து, பாதி விழிப்பில் காலுறையோடு இறங்கிவந்த ஸ்வென்யா மொட்டைப் பிளந்து மோந்து பார்த்தாள்.

"இந்தச் செடியே போச்சு. தூக்கிப் போடணும்" என்றாள்.

நோய் பிடித்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கழுவிக் காயவைத்தால் ஆகாதா என்று எக்கார்ட் கேட்டார். காகிதம் ஒன்றில் அப்படி இருந்தது.

"யார் திங்கறது? நீங்களா? பூஞ்சையைக் கழுவினா ஈரமான பூஞ்சை கிடைக்கும், ஹேர் ப்ரூனிங்." அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "ஆமா, ஃபேன் ஏன் ஓடல?"

"மதிய அமைதி நேரம்."

"ராத்திரி?"

"ராத்திரியும் அப்படித்தான்."

"நேத்து?"

"நேத்து ஞாயிறு" என்றார் எக்கார்ட், இதையெல்லாம் ஒரு வயது வந்த பெண்ணுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற சலிப்போடு.

"யாருக்காக அணைக்கறீங்க?"

"உங்களுக்காகத்தான். உங்க படுக்கையறை இதுக்கு நேர் மேல இருக்கு."

"நான் ராத்திரி பஸ் ஓட்டறேன். ராத்திரியில அந்தக் கட்டில்ல என் பூனைதான் தூங்குது. துணி துவைச்ச தகராறுல இதையெல்லாம் விளக்கமா எழுதிக் கொடுத்தேனே. நீங்க எழுத்துப்பிழையைத் திருத்தித் திருப்பி அனுப்பினீங்க."

அதில் பிழைகள் இருந்தன என்பதை எக்கார்ட் இன்னும் மறக்கவில்லை.

கெர்லிண்டேவுக்கு விஷயம் இத்தோடு முடிந்தது என்று தோன்றியது. மேலே யாரும் இல்லை என்றால் இன்று ராத்திரியிலிருந்து ஃபேன் ஓடட்டும் என்றாள். எக்கார்ட் தலையை ஆட்டினார், ஆம் என்று அல்ல. விதி என்பது ஃப்ரௌ தீமான் வீட்டில் இருக்கிறாரா, இல்லையா என்று பார்த்து மாறுவதில்லை. மாற்ற வேண்டுமானால் முறைப்படி கூட்டம் போட வேண்டும். கூட்டம் போட வேண்டுமானால் முறைப்படி முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அன்று மாலையே அறிவிப்பைத் தட்டச்சு செய்து, நாலு தபால் பெட்டிகளிலும் போட்டார். தன் பெட்டியிலும் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதை எடுத்துவந்து படித்தார்.

பூஞ்சைக்கு முன்னறிவிப்புக் கொடுக்கும் பழக்கம் இல்லை. அந்த வார நடுவில் ஒரு ராத்திரி கெர்லிண்டே எழுந்துபோய் ஃபேனைப் போட்டுவிட்டு வந்து படுத்தாள். எக்கார்ட் எழுந்து போனார், சொட்டுகிற குழாயை மூடுவதுபோல் அணைத்தார், வந்து போர்வையை இழுத்துக்கொண்டார். நடுச்செடியைப் போடுவதா, கழுவுவதா என்று எக்கார்ட் முடிவு கட்டாததால் அது இன்னும் உள்ளேயே நின்றது. வாரக் கடைசிக்குள் இரண்டாவது செடியிலும் இலை பழுத்தது. கெர்லிண்டே அதை இழுத்துப் பார்க்கவே இல்லை. எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

காலைச் சாப்பாட்டின்போது அவள் கேட்டாள். "எக்கார்ட், நான் ராத்திரி தூங்கறதில்லன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நீ புரண்டு புரண்டு படுக்கறது கேக்குது."

"அது சத்தமில்லையா?"

வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் லேசாகச் சிரித்தார். ரொட்டியில் வெண்ணெயை ஓரம் வரைக்கும் சீராகத் தடவினார். கெர்லிண்டே அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலமாக இந்த மனிதரை ஒழுங்கானவர் என்று நினைத்திருந்தாள். ஒழுங்கை விரும்புகிறவர் வேறு, ஒழுங்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர் வேறு என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் மனசு கசந்தது. அன்றைக்கு அவள் பாத்திரத்தைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போனாள்.

கூட்டம் நிலவறையில், சைக்கிள் வைக்கும் இடத்தில் நடந்தது. வழக்கமாகக் கெர்லிண்டே காப்பிக் குடுவையும் வெண்ணெய்க் கேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு மேலே போய்விடுவாள். வீட்டுக்கு ஒரு வாக்கு, அதை எக்கார்ட் போடுவார். அன்று அவள் கேக்கை வைத்தாள், கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். எக்கார்ட் அவளை ஒரு தரம் பார்த்தார். கேக்கைத் துண்டு போட உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அவர் தீர்மானத்தை வாசித்தார். தரைத்தள வீட்டின் மருத்துவத் தேவைக்கான காற்று வெளியேற்றும் சாதனத்துக்கு மட்டும், இரவு நேரத்தில் மட்டும், தற்காலிகமாக விலக்கு. ஸ்வென்யா கையைத் தூக்கினாள். அரைகுறையாக எதற்கு, உறுமுகிற இயந்திரம் பற்றிய அந்த விதியையே எடுத்துவிடுவோம், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து என்றாள். மேல்தளத்து ஃப்ரௌ ஓஸ்டென்டோர்ப், பேரப்பிள்ளைகள் வந்து போன பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாக்யூம் கிளீனரைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற பாட்டி, உடனே ஆமோதித்தார். எதிர்வீட்டு ஹேர் வீபோல்டிடம், உங்களுக்கு அந்த ஃபேன் சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று எக்கார்ட் கொஞ்சம் நம்பிக்கையோடு கேட்டார்.

"நான் காதுக் கருவியைக் கழட்டி வச்சிடறேன்" என்றார் வீபோல்ட். இதையே மூன்றாம் முறை உரக்கக் கேட்ட பிறகுதான் அந்தப் பதில் வந்தது.

"மாட்டியிருந்தா கேக்குமே?"

"மாட்டினா உங்க சத்தம் கேக்குது. அதனாலதான் மாட்டறதில்ல."

ஸ்வென்யா கேக்கால் வாயை அடைத்துக்கொண்டாள். எக்கார்ட்டின் முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் அவரிடம் ஒரு பிடி இருந்தது. விதியை மாற்ற எல்லாரும் ஒரு மனதாகச் சம்மதிக்க வேண்டும் என்று அவரே எழுதி வைத்திருந்தார். ஒரு ஃபேனுக்காக ஞாயிற்றுக்கிழமையையே தாரை வார்க்க முடியாது என்றார். ஸ்வென்யா சொன்ன திருத்தம் வேண்டாம் என்றால் பழைய தீர்மானத்தையாவது வாக்குக்கு விடுங்கள் என்று ஃப்ரௌ ஓஸ்டென்டோர்ப் கெஞ்சிப் பார்த்தார். திருத்தம் வந்துவிட்டதால் அதைத்தான் முதலில் வாக்குக்கு விட வேண்டும், அது தோற்றால் மூலத் தீர்மானத்துக்குப் புதிதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றார் எக்கார்ட். அதற்குள் மேலே மூன்றாவது செடியும் போய்விடும் என்பது அங்கே உட்கார்ந்திருந்த ஐந்து பேருக்கும் தெரியும், அவர் உள்பட.

"தரைத்தள வீட்டின் வாக்கு, எதிர்ப்பு" என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார்.

"அதை எழுதாதே" என்றாள் கெர்லிண்டே.

அவர் நிமிர்ந்தார்.

"வீடு யாரோடது, எக்கார்ட்?"

"நம்மளோடது."

"பத்திரத்துல?"

வீபோல்ட் சட்டைப்பையிலிருந்து காதுக் கருவியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்கப்பா எனக்குக் கொடுத்த வீடு. செடி என் பேர்ல இருக்கற மாதிரி வீடும் என் பேர்லதான் இருக்கு. வாக்கு என்னோடது. நீ மேற்பார்வை மட்டும்தான்."

"நீ எனக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்திருக்கே" என்றார் எக்கார்ட். குரல் இறங்கியிருந்தது.

"போன வருஷம் கொடுத்தேன். வருஷா வருஷம் புதுசா எழுதணும்னு நீதானே விதி போட்டே? இந்த வருஷம் கத்திரி பிடிச்சுப் பிடிச்சு விரல் வீங்கிப்போச்சு. பேனா பிடிக்க முடியல."

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினாள். விரல்கள் ஒன்றோடொன்று சேராமல், வேர்க்கிழங்கு மாதிரி முண்டும் முடிச்சுமாக, அந்த மங்கிய வெளிச்சத்தில் எல்லார் கண்ணிலும் பட்டன. மற்ற மூன்று கைகளும் தூக்கப்பட்டன. எக்கார்ட் எண்ணினார். சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தரம் எண்ணினார். நாலு வீடு, நாலு கை. நிறைவேறியது என்று நடவடிக்கைக் குறிப்பில் தன் அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டார். அவரிடம் ஒன்றை மெச்சத்தான் வேண்டும், விதி தன் கழுத்தைப் பிடித்தாலும் அவர் அதற்குக் கீழ்ப்படிந்தார். கெர்லிண்டே அவருக்கும் ஒரு துண்டு கேக் வெட்டி வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

அடுத்து வந்தது ஞாயிற்றுக்கிழமை. தையல் அறையில் ஃபேன் கூச்சமில்லாமல் உறுமிக்கொண்டிருந்தது. கூரைக்கு மேலே ஸ்வென்யாவின் வாஷிங் மெஷின் குலுங்கிச் சுற்றியது. அதற்கும் மேலே ஃப்ரௌ ஓஸ்டென்டோர்ப் வாக்யூம் கிளீனரை, சுத்தமாக இருந்த தரையிலும் சேர்த்து, இங்கும் அங்கும் இழுத்துக்கொண்டிருந்தார். துணி சுற்றி முடிகிற வரைக்கும் ஸ்வென்யா கீழே இருந்தாள். அவளும் கெர்லிண்டேயும் செத்துப்போன இரண்டு செடிகளையும் வேரோடு பிடுங்கி, பையில் திணித்து, கூடாரத்தைத் துடைத்துக் காயவைத்தார்கள். மூன்றாவது செடியை இலை இலையாகப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு காம்புகளை ஸ்வென்யா கூர்மையான கத்திரியால் சுத்தமாக வெட்டினாள். மொட்டுகள் பச்சையாக, இறுக்கமாக இருந்தன. இப்படியே ஓடினால் தப்பிக்கும் என்றாள்.

எக்கார்ட் வாசலில் நின்றார். அவருடைய நாற்காலியில் ஸ்வென்யாவின் துண்டு கிடந்தது. அடுத்தவர் செடியில் கை வைப்பது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று ஆரம்பிக்க வாயெடுத்தார், கெர்லிண்டே திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, ஏதாவது உதவட்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியை அந்த அறை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டது.

"செடியைத் தொடாதே" என்றாள் கெர்லிண்டே. "பையைக் கொண்டுபோய்க் கொட்டிட்டு வா."

அவர் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அங்கே குப்பைத் தொட்டிகள் நிறவாரியாக வரிசையில் நின்றன, எதில் எதைப் போடுவது என்று அவரே எழுதி ஒட்டியிருந்தார். பழுப்புத் தொட்டியைத் திறந்தார். அது செடிகொடிக்கு, ஆனால் பூஞ்சை பிடித்த செடிக்கா? மூடினார். கறுப்பைத் திறந்தார். மீதிக் குப்பைக்குள் கஞ்சாவைப் போட்டால் யாராவது கிளறி எடுத்துவிட்டால்? மூடினார். பையின் உள்ளே தொட்டிகளிலிருந்து உரிந்துவந்த பெயர்ச்சீட்டுகளும் இருப்பது நினைவுக்கு வந்து, காகிதத் தொட்டியைப் பார்த்தார். தூறல் போடத் தொடங்கியது.

கெர்லிண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தத் தொட்டி என்று அவளுக்குத் தெரியும். எப்போதும் அவள்தான் ஜன்னலைத் திறந்து சொல்லுவாள். கைப்பிடி வரைக்கும் கை போனது. பிறகு கையை எடுத்துக்கொண்டு, தையல் அறையில் பழைய சாய்வு சோபாவில் போய்ப் படுத்தாள். சற்றே கண்ணை மூடிப் பார்ப்போம் என்றுதான் படுத்தாள். வலி எழுந்து உட்கார்ந்தது, ஆனால் ஃபேன் அதைவிடச் சத்தமாக இருந்தது.

ஸ்வென்யா துண்டை எடுக்க வந்தபோது கெர்லிண்டே வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஸ்வென்யா ஜன்னலருகே போய் எட்டிப் பார்த்தாள். எக்கார்ட் மழையில், பையைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னும் தொட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவள் சத்தமில்லாமல் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.